அப்பாவின் பெயர் இரண்டு அடி

பட்டையை வாங்கி வந்தவன் அண்ணன்தான். கைக்கடிகாரம் போலவே இருக்கும். முகம் மட்டும் சின்னதாக, நீளவாக்கில், கறுப்பாக. விரலால் தொட்டால் ஒரு வளையம் தெரியும். நடக்க நடக்க அந்த வளையத்தில் பச்சை நிறம் ஊர்ந்து ஏறும். முழு வட்டமும் பச்சையானால் அன்றைக்கு நடக்க வேண்டியதை நடந்தாயிற்று என்று பொருள். அப்போது மணிக்கட்டில் விர், விர் என்று இரண்டு முறை அதிரும்.

"டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். நடக்கிறாங்களா இல்லையான்னு நான் அங்க உக்காந்துகிட்டு எப்படிப் பார்க்கிறது? இதுல ஏறுறது அப்படியே என் போன்லயும் தெரியும்," என்று என்னிடம் வாயால் சொன்னான்.

அம்மாவிடம் கையால் சொன்னான். அது இன்னும் சுருக்கமாக இருந்தது.

"நட. பார்ப்பேன்."

அம்மாவுக்குக் காது கேட்காது. அப்பாவுக்கும் கேட்டதில்லை. பிறந்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கைதான். அம்மா கையால் சொல்வதை நான் இங்கே வாயால் சொன்னதுபோலவே எழுதுகிறேன். அவள் கையிலும் கிண்டல் உண்டு, இழுவை உண்டு, முணுமுணுப்புகூட உண்டு. இடுப்புக்குக் கீழே கையை வைத்து விரலை மட்டும் அசைத்தால் அது முணுமுணுப்பு.

"போலீஸ்காரன்," என்று இடுப்புக்குக் கீழே சொன்னாள்.

முந்தின மாதம் அம்மா தலைசுற்றி, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். இதயம் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது, தினமும் நடந்து அதை எழுப்பிவிட வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் அன்றைக்கே அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். அம்மா முடியாது என்றாள். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், காலையிலும் மாலையிலும் போய்ப் பார்க்கிறேன்.

"பகல்ல நீ வேலைக்குப் போயிடுற. அப்ப யார் இருக்கா?" என்று கேட்டான் அவன்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். தினமும் வளையம் மூட வேண்டும். மூடினால் அம்மா இந்த வீட்டிலேயே இருக்கலாம்.

"ஒரு வாரம் சேர்ந்தாப்பல மூடலைன்னா பெட்டியோட வருவேன்," என்றான் அண்ணன்.

"வெறும் பெட்டியோட திரும்பிப் போவே," என்றாள் அம்மா.

அவள் ஏன் போக மாட்டேன் என்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா காலமான பிறகு சில மாதம் அவள் அங்கே இருந்திருக்கிறாள். அண்ணி நல்லவள், குழந்தையும் பாட்டியிடம் ஒட்டிக்கொண்டே இருப்பாள். யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் இருவருக்கும் கைமொழி தெரியாது. சாப்பாடா, தண்ணீரா, போர்வை வேண்டுமா என்று போனில் எழுதிக் காட்டுவார்கள். அண்ணன் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேலாளர். களைத்துப்போய் வந்து ஐந்தாறு சொல் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். நான் ஒருமுறை போயிருந்தபோது அம்மாவின் இரண்டு கையும் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, மடித்து வைத்த துணி மாதிரி கிடந்தன. எங்கள் வீட்டில் அந்தக் கைகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் கைகள் ஓய்ந்ததில்லை. அம்மா ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கும் காஜா மெஷினில் இருந்தாள். அப்பா கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் தச்சர். இரண்டு பேரும் பகல் முழுக்கக் கை நிறைய வேலை வைத்துக்கொண்டு, யாரிடமும் பேச முடியாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மடை திறந்த மாதிரி பேசுவார்கள். சாப்பிடும்போது கை எச்சில் என்பதால் பேச்சு நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் சாப்பாடு எப்போதும் அவசர அவசரமாக முடிந்துவிடும். சண்டை வந்தால் இரண்டு பேரும் விளக்கு ஸ்விட்சை நோக்கி ஓடுவார்கள். முதலில் போய் விளக்கை அணைப்பவர்தான் கடைசி வார்த்தை சொன்னவர். இருட்டில் எதிராளி என்ன சொன்னாலும் செல்லாது அல்லவா. பெரும்பாலும் அம்மாதான் ஜெயிப்பாள். ஸ்விட்ச் சமையலறைப் பக்கம் இருந்தது.

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தரையை மிதிப்போம். அது பலகைத் தரை. அப்பா இரண்டு மிதி மிதிப்பார். உள்ளங்கால் வழியாக அது ஏறி வரும். நாங்கள் எல்லாரும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புவோம். காது கேட்கிற எனக்கும் அண்ணனுக்கும்கூட, அப்பா கூப்பிடுவது கால் வழியாகத்தான் கேட்கும்.

பட்டை முதல்முறை அதிர்ந்தபோது அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டையைத் தடவிக்கொண்டே, "உங்கப்பா மிதிக்கிற மாதிரியே மிதிக்குது," என்றாள். அன்றிலிருந்து அதைக் கழற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை.

பெயர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கைமொழிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் தெரிகிற ஒன்றை வைத்து ஒரே அசைவில் பெயர் வைத்துவிடுவார்கள். கன்னத்தில் விரலைக் குத்தித் திருகினால் அம்மா, அவளுக்குக் கன்னக்குழி. எனக்கு ஸ்க்ரூ டிரைவரைத் திருகுகிற அசைவு. அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் போடுவேன். அண்ணன் அதை வாய்க்குக் கொண்டுவந்து இன்றைக்கும் என்னை 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுகிறான். அவன் பெயர் காது. பிறந்த குழந்தை தன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கியதாம், வீட்டுக்கு ஒரு காது வந்துவிட்டது என்று அப்பா வைத்தாராம். அது வெறும் பெயராக நிற்கவில்லை. வங்கி, மருத்துவமனை, வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று எங்கே போனாலும் ஏழு வயதிலிருந்து அவன்தான் நடுவில் நின்று இந்தப் பக்கத்து வாயை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக் கொடுத்தான்.

அப்பாவின் பெயர் இழைப்புளி. மரத்தை வழவழப்பாக இழைக்கும் தச்சுக் கருவி. இரண்டு கையும் சேர்ந்து முன்னே போய்ப் பின்னே வரும். மறுபடி முன்னே, பின்னே. அவ்வளவுதான், அப்பா வந்துவிட்டார்.

முதல் சில நாள் வளையம் பாதிக்கு மேல் ஏறவில்லை. அம்மாவுக்கு நடை என்றாலே கசப்பு. முழங்காலைத் தடவிக்காட்டுவாள். வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் வாசலுக்கும் சுற்றிவிட்டு வந்து, "போதும், தலை சுத்துது. டாக்டர் இதுக்குத்தானே நடக்கச் சொன்னார்?" என்பாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வளையம் மூடியது. மறுநாளும் மூடியது. அண்ணன் எனக்கு போன் செய்து, "பார்த்தியா, கண்டிப்பா இருந்தாத்தான் வேலை ஆகும்," என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

நான் அம்மாவைக் கேட்டேன். "எங்கே நடந்தே?"

"பேக்கரில."

"பேக்கரிக்கு நடந்தியா?"

"பஸ்ல போனேன். பேக்கரில உக்காந்திருந்தேன்."

அங்கேதான் அவளுடைய கூட்டம் கூடும். பெரிய கண்ணாடி ஜன்னல், நல்ல வெளிச்சம், வட்ட மேஜை. கைமொழிக்காரர்களுக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும். காபி எப்படி இருந்தாலும் சரி. மூக்குக்கண்ணாடி அசைவைப் பெயராகக் கொண்ட கண்ணாடி அத்தை வருவார். ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ரயில் மாமா வருவார். அப்பா இருந்த காலத்திலிருந்து அதே மேஜை.

"பேசிக்கிட்டே இருந்தேன். திடீர்னு மிதிச்சது. பார்த்தா வளையம் மூடியிருக்கு," என்றாள் அம்மா, கன்னக்குழி விழ.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய், எடைக்கல்லை வைத்துப் பார்த்து, முத்திரை போட்டுவிட்டு வருவேன். அதனால் ஒன்று தெரியும். தராசு எடையைப் பார்ப்பதே இல்லை. தட்டுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். எவ்வளவு வளைந்தது என்பதை அளந்து, அதற்கு எடை என்று பெயர் சொல்கிறது. பழைய காய்ச்சல்மானி காய்ச்சலைப் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் பாதரசம் வீங்குவதைப் பார்த்தது. எல்லாக் கருவியும் ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றின் பெயரைச் சொல்லும். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். அந்த நம்பிக்கையில்தான் உலகம் ஓடுகிறது.

இந்தப் பட்டையும் அப்படித்தான். அது காலைப் பார்த்ததே இல்லை. பஸ் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்கிறார், கிளம்பினால் பின்னால் சாய்கிறார் அல்லவா. பட்டைக்குள் அப்படி ஒரு பயணி நிற்கிறார். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் தொங்கும் ஒரு துளிச் சில்லுதான் அந்தப் பயணி. கை முன்னே போனால் அது ஒரு பக்கம் சாயும், பின்னே வந்தால் மறுபக்கம். நடக்கிறவர் கையை வீசித்தானே நடப்பார்? ஆகவே சில்லு சாய்ந்து நிமிர்ந்தால் ஒரு அடி. ஒரே ஒரு அசைவை அது நம்பாது. ஒரே தாளத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஆடினால்தான், சரி, இவர் நடக்கிறார் என்று எண்ண ஆரம்பிக்கும்.

அம்மாவோ தாளத்தோடு பேசுகிறவள். அதோடு, அண்ணன் இடக்கையில் கட்டிவிட்ட பட்டையை அவள் வலக்கைக்கு மாற்றியிருந்தாள். இடக்கையில்தான் கோப்பையைப் பிடிப்பாளாம்.

"ரயில் ஒரு நாள் கட்டிப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவா ஏறலை," என்றாள் அம்மா. "கண்ணாடிக்கும் ஏறலை. எனக்குத்தான் ஏறுது."

"நீ அவ்வளவு பேசுறே."

"அதில்லை." அம்மா சற்றே நிறுத்தி, இரண்டு கையையும் சேர்த்து முன்னே தள்ளிப் பின்னே இழுத்தாள். மறுபடி முன்னே, பின்னே. "இதனால."

அப்பாவின் பெயர். கையை வீசி நடப்பதற்கு அதைவிட நெருக்கமான அசைவு எங்கள் மொழியிலேயே கிடையாது. பட்டையின் கணக்கில் அது சரியாக இரண்டு அடி. அப்பா மரம் வாங்கப் போனது, அப்பா நாற்காலி செய்தது, அப்பா தானே செய்த நாற்காலியிலிருந்து விழுந்தது என்று அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அடி. சாயங்காலத்துக்குள் அவள் ஊரையே சுற்றி வந்துவிடுவாள்.

"அண்ணன்கிட்ட சொல்லணும்மா. நடக்கிறது உடம்புக்கு. இது வெறும் கணக்குக்கு," என்றேன். பொய்யெடை என்றால் எனக்கு உடம்பு கூசும், தொழில் அப்படி.

"பேசி வச்சது என்ன? வளையம் மூடணும். மூடிடுச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.

ஆனால் பட்டைக்கு இன்னொரு கண்ணும் உண்டு. அடிப்பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டே இருக்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வருகிற வெளிச்சம் குறையும். அதை எண்ணி இதயத் துடிப்பை ஒரு கோடாக வரைந்துவிடும். நடக்கிறவருடைய கோடு மேடேறும். அம்மாவின் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

அண்ணன் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"ஏய் ஸ்க்ரூ, அம்மா பட்டையை யார் கையில கட்டி விடுறாங்க?"

"அவங்க கையிலதான் இருக்கு."

"கதை விடாதே. கால் ஓடுது, இதயம் தூங்குது. பக்கத்து வீட்டு நாய் கழுத்துல கட்டிவிட்டிருக்காங்களா?"

"நாய்க்கும் இதயம் துடிக்கும்ணா."

"சிரிக்காதே. அன்னைக்கு மாதிரி மறுபடி விழுந்தா, அது யாரும் இல்லாத நேரமா இருந்தா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "அவங்களால கத்தி யாரையும் கூப்பிடவும் முடியாது. தரையை மிதிச்சா யாருக்குக் கேக்கும்? நான் வர்றேன்."

சனிக்கிழமை பிற்பகல் வந்து இறங்கினான். சொன்னபடி கையில் ஒரு பெட்டி. தூக்கிப் பார்த்தேன், காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அதைக் கூடத்தில் வைத்துவிட்டு, "எங்கே?" என்றான்.

"பேக்கரில."

நடந்தே போனோம். பேக்கரிக்கு எதிர்ப் பக்கம் வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

கைமொழியில் ஒரு வசதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கலாம். பெரிய ஜன்னலுக்குப் பின்னால் அம்மா எங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அத்தை முகத்தைக் கையில் தாங்கியிருந்தார். ரயில் மாமா பன்னைக் கடிக்க மறந்து பிடித்திருந்தார். அம்மாவின் கைகள் மேஜைக்கு மேலே எழும்பி, விரிந்து, விழுந்து, மறுபடி எழும்பிக்கொண்டிருந்தன. வலது மணிக்கட்டில் பட்டை.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "இப்படிப் பேசுவாங்கன்னே மறந்துபோச்சு," என்றான்.

"என்ன சொல்றாங்க, தெரியுதா?"

"கொஞ்சம்." கண்ணை இடுக்கிக்கொண்டான். "என் பேரைச் சொல்றாங்க. பள்ளிக்கூடம். டீச்சர்." சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அய்யோ, பசைக் கதை."

பசைக் கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். அண்ணனுக்கு ஒன்பது வயது இருக்கும். வகுப்பில் பக்கத்துப் பையன் தலையில் பசையைக் கொட்டிவிட்டான். டீச்சர் அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னார். டீச்சர் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? குற்றவாளிதான். டீச்சர், உங்கள் பையன் வாயை மூடுவதே இல்லை, அடங்குவதே இல்லை என்றார். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்கிறேனாம் என்று அண்ணன் கையால் சொன்னான். டீச்சர் மேஜைமேல் இருந்த பசை பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இதைத்தான் கொட்டினான் என்றார். கைவேலையில் முதலாவதாக வந்ததற்கு இதைப் பரிசாகக் கொடுக்கிறார்களாம் என்றான் அண்ணன். அப்பா எழுந்து நின்று, டீச்சர் கையிலிருந்து பாட்டிலை மரியாதையாக வாங்கிக்கொண்டு, கை குலுக்கிவிட்டு வந்துவிட்டார். வழியில் அண்ணனுக்கு க்ரீம் பன் வாங்கிக் கொடுத்தார்.

பெற்றவர்களையே ஏமாற்றிய கதை என்று அண்ணன் இதைக் கல்யாணத்துக்குப் பிறகுகூடச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"இது என்ன? முகம்... புளிப்பு..." என்று இப்போது கேட்டான்.

"டீச்சர் முகம் புளியங்காயைக் கடிச்ச மாதிரி இருந்துச்சுங்கிறாங்க. முகத்துக்கு யார் வந்து மொழிபெயர்க்கணும்னு கேக்கிறாங்க."

அண்ணன் அசையவில்லை. "தெரியுமா அவங்களுக்கு?"

உள்ளே அம்மா இழைப்புளி அசைவைச் செய்தாள். அப்பா. மறுபடி இழைப்புளி. பிறகு அப்பாவாகவே மாறி, பாட்டிலை இரு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்தி வணங்கினாள். ரயில் மாமா மேஜையைக் குத்திச் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, முன்னால் பன்னைத் தின்றுகொண்டு போகிற பையனுடைய முதுகுக்குப் பின்னால் அவளும் அப்பாவும் பேசிக்கொண்டதைச் சொன்னாள். "நான் கேட்டேன் அவரை, எதுக்குப் பன் வாங்கிக் கொடுத்தே, அடியில்ல கொடுக்கணும்னு. அதுக்கு அவர் சொன்னார்..." என்றாள் அம்மா.

அந்த இடத்தில் அம்மாவின் கைகள் மெதுவாயின. நான் வாய்க்கு மாற்றப் போனேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டான். அது அவனுக்கே புரிந்தது.

"நாள் முழுக்க அடுத்தவங்க பேச்சையே சுமக்கிறான். ஒரு நாள் அவன் பேச்சை அவன் பேசிட்டுப் போகட்டும்."

அண்ணனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. போகிற வருகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போனோம். எங்களைப் பார்த்ததும் அம்மாவின் கை பட்டையை மூடிக்கொண்டது. அப்புறம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"பெட்டி எங்கே?" என்றாள்.

"வீட்டுல," என்றான் அண்ணன். உட்கார்ந்து போனை எடுத்து, தட்டையாகக் கிடந்த இதயக் கோட்டைக் காட்டினான். "நீ... நடக்கல." பழக்கம் விட்டுப்போன அவன் கைகள் வார்த்தை வார்த்தையாக நின்று நின்று போயின, இடையில் ஒரு சொல் மறந்து என்னைப் பார்த்தான். "ஏமாத்துற. எனக்குப் பயம்."

அம்மா இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"உன் வீட்டுக்கு வந்தா தினமும் பார்க்குக்குக் கூட்டிப் போவே. கால் நடக்கும். எனக்குத் தெரியும். ஆனா கை?" இரண்டு கையையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். அப்படியே சிறிது நேரம் வைத்திருந்தாள். கண்ணாடி அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். "உங்கப்பா பேரை அங்கே யார்கிட்டச் சொல்றது? போன்ல எழுதினா அது அவர் பேரே இல்லையே."

அண்ணன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். பதில் சொல்ல நினைத்திருந்தாலும் கைக்கு வந்திருக்காது.

அம்மா பட்டையைக் கழற்றினாள். மேஜைக்குக் குறுக்கே அவனுடைய வலக்கையை இழுத்து, அதில் கட்டினாள். "சொல்லு. பன் தின்னுக்கிட்டுப் போனியே. உன் பக்கத்துக் கதை என்ன?"

வளையத்தில் ஒரு நகக்கீற்று அளவுதான் மூடாமல் இருந்தது. அண்ணன் ஆரம்பித்தான். பள்ளிக்கூடம். நான். பயம். பச்சை ஒரு துளி நகரவில்லை.

"ரிப்பேரா?" என்றார் ரயில் மாமா.

"இல்ல மாமா, விட்டு விட்டுப் பேசுறான். தாளம் இருந்தாத்தான் நம்பும்," என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தான்," என்றார் மாமா.

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை உதறிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். முதுகில் கண் இல்லாமலே அவனுக்குத் தெரிந்ததாம், பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வருவது. காற்றில் கை அசைகிற சத்தம் கேட்குமாம். சட்டைக் கை உரசுகிற சத்தம். அந்தச் சத்தம் வீட்டில் அவனுக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்திருந்தானாம். எனக்கும் கேட்கும், நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, பன்னைத் தின்றுகொண்டே நடந்தானாம். க்ரீம் வாயில் ருசிக்கவே இல்லையாம். அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போனால் அப்பா அந்தப் பசையை எடுத்து ஒரு நாற்காலிக் காலை ஒட்டிக்கொண்டிருந்தாராம். இங்கே அவன் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. கை நின்றது. அப்புறம் முன்னே போய்ப் பின்னே வந்தது, முன்னே, பின்னே. தச்சர் மகன் கை; தோளிலிருந்து வந்தது அந்தத் தள்ளு. அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை. அப்பா பசையைத் தொட்டு அவன் மூக்கில் வைத்தது, அப்பா அந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்தது, அப்பா தானும் உட்கார்ந்து பார்த்தது, கால் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரும் மரத்தூளில் விழுந்தது.

விழுந்த இடத்தில் பட்டை அதிர்ந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்டது, மற்ற மூன்று பேருக்கும் அண்ணன் முகத்தில் தெரிந்தது. ஏனென்றால் அவன் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, யாரோ தரையை மிதித்துக் கூப்பிட்டதுபோல, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் பேக்கரிச் சுவர்தான் இருந்தது. அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தபோது, "எனக்கும் முதல் நாள் அப்படித்தான்," என்றாள் அவள்.

உடன்பாடு மாறியது அங்கேதான். பஸ்ஸில் வரக்கூடாது, பேக்கரிக்கு நடந்து வர வேண்டும், நடந்தே போக வேண்டும், கண்ணாடி அத்தை கூடவே வர வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டான். வளையத்தை இனிமேல் பார்க்க மாட்டான். இதயக் கோட்டைத்தான் பார்ப்பான். அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் ஒன்று வேண்டுமாம்.

"நீயும் ஒண்ணு வாங்கிக் கட்டிக்க. வலக்கையில. உன்னுடையது என் போன்ல தெரியணும்."

"நான் தினமும் நடக்கிறேன்மா. கிடங்கு முழுக்க நடக்கிறேன்."

"நடக்கிறதை யார் கேட்டா?"

வெளிச்சம் மங்கியதும் கிளம்பலாம் என்றார்கள். கைமொழிக்காரர்கள் கிளம்பலாம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்பது எனக்கும் அண்ணனுக்கும் தொட்டில் பழக்கம். சின்ன வயதில் இதே பேக்கரி வாசலில், இதே தெருவிளக்குக்குக் கீழே, எங்கள் இரண்டு பேரையும் மூடிய கடையின் படியில் உட்காரவைத்துவிட்டு இவர்கள் பிரியாவிடை பெற்றுக்கொண்டே இருப்பார்கள். நான் அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவேன். வெளிச்சம் விழுகிற வட்டத்தை விட்டு ஒருத்தரும் நகர மாட்டார்கள். வட்டத்துக்கு வெளியே போனால் பேச்சு கேட்காது. அன்றைக்கும் வட்டத்துக்குள் நின்றோம். படியில் நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். அண்ணன் வரவில்லை. ரயில் மாமாவிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பெட்டியில் பேத்திக்கு அம்மா தைத்த இரண்டு சட்டையும், அப்பா செய்த ஒரு சின்ன மர முக்காலியும் ஏறின. "வெறும் பெட்டியாத்தான் போகும்னு சொன்னே," என்று அண்ணன் வம்புக்கு இழுத்தான். அம்மா இடுப்புக்குக் கீழே ஏதோ சொன்னாள்.

இப்போது மாலையில் நான் போகும்போது அம்மா சோபாவில் உட்கார்ந்து போனில் அண்ணனுடைய வளையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வளையம் ஏறி, இதயக் கோடும் ஏறினால் கிடங்கில் நடக்கிறான். அதை அவள் சட்டை செய்வதில்லை. வளையம் ஏறும்போது கோடு தூங்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எங்களோடு பேசும்போது அப்படி ஆகும்.

போன வாரம், நடுவாரத்தில் ஒரு சாயங்காலம், அம்மா என்னைத் தரை மிதித்துக் கூப்பிட்டாள். அண்ணன் வீட்டில் இருக்கிற நேரம். வளையம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கோடு குளம் மாதிரி கிடந்தது.

"வீட்டுல யார்கூடப் பேசுறான்?" என்று கண்ணை அகல விரித்தாள். "பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கிறான்."

எனக்குத் தொழில்புத்தி விடவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. உக்காந்து காய் நறுக்கினாலும் பட்டைக்கு இப்படித்தான் தெரியும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவனா? காயா?" என்றாள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து, ஏறிக்கொண்டிருக்கும் பச்சைக்குத் துணையாக, மெதுவாக முன்னே தள்ளிப் பின்னே இழுத்தாள்.